கடையும் கலையும்

சங்கத் தொகைநூல்களைப் பயில்வோர் பாட்டின் பொருளிலே தோய்ந்து, பாடினார் பெயரை விரைந்து கடந்துவிடுதல் இயல்பு. அப்பெயர்களோ தம்மளவிற் சில செய்திகளைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பது ஒரு பெயர். அறுவை என்பது துணி. ஆதலின் அவர் துணி விற்றவர். மதுரைப் பண்டவாணிகன் இளந்தேவனார் பண்டங்கள் விற்றவர். உறையூர் இளம்பொன் வாணிகனார் பொன் வணிகஞ் செய்தவர். முல்லைப்பாட்டின் 103 அடிகளையும் யாத்த நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனாரின் மகனார். மணிமேகலையின் 30 காதைகளையும் நமக்குத் தந்தவராகப் போற்றப்படும் சீத்தலைச் சாத்தனாரோ கூலவாணிகர். தானியம் அளந்து விற்ற கை அக்காப்பியம் எழுதிய கை.

இப்பெயர்களில் நான் வியப்பது ஒன்றுண்டு. அவற்றிலே தொழில் முன்னே நிற்கின்றது. இயற்பெயர் பின்னே வருகின்றது. கடை வைத்திருந்தமையை மறைக்க வேண்டிய குறையாக அக்காலத்தவர் கருதவில்லை. இன்றைய நிலை யாது? நூல் வெளியீட்டு விழாவொன்றிலே நூலாசிரியர் சிறு வணிகராயின், "இவர் ஒரு வியாபாரி, எனினும் இலக்கிய ஆர்வம் மிக்கவர்" என்று தலைவர் தொடங்குவதைப் பல மேடைகளிற் கேட்டிருக்கின்றேன். இலக்கணம் கற்பிப்பவனாதலின், அந்த "எனினும்" என்னும் இடைச்சொல் என் செவியிலே முள்ளாய் உறுத்தும். கடை ஒருபுறம், கலை ஒருபுறம், இரண்டுக்கும் இடையே பகை என்னும் எண்ணம் அவ்வொரு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றது. அவ்வெண்ணம் சரியானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருஞ்செல்வரான வணிகரைப் பற்றி நான் ஈண்டுப் பேசவில்லை. அவர்க்குக் கணக்கெழுத ஒருவர், கடை காக்க ஒருவர் உளர். தையற்கடை, சயிக்கிள் திருத்துங்கடை, சலூன், சிறு அச்சகம், பலசரக்குக் கடை என்றிவ்வாறு தம் உடலுழைப்பையே முதலாக வைத்து நடத்துவோரைப் பற்றியே பேசுகின்றேன். அவர் காலையிற் கடைக்கதவைத் திறக்கும்போது கடை வாடகை நினைவுக்கு வரும்; மாலையிற் பணப்பெட்டியை எண்ணும்போது மின்கட்டணம் நினைவுக்கு வரும். அத்தகையவருள் ஒருவர் இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கதை எழுதுகின்றார், நாடகம் பழக்குகின்றார், ஒரு சஞ்சிகைக்கு ஒப்புநோக்குகின்றார். இவரை என் செய்வது?

அறிவுரை கூறுவோர் இரு திறத்தினர். "இரண்டு தோணியிற் கால் வைக்காதே; எழுத்தை விட்டுக் கடையைப் பார்" என்பர் உறவினர். "உம்முடைய ஆற்றல் இக்கடையிலே வீணாகின்றது, கடையை விட்டு எழுத்தைப் பாரும்" என்பர் இலக்கிய நண்பர். முன்னையது அன்பினாற் பிறந்தது. பின்னையது மதிப்பினாற் பிறந்தது. ஆயினும் இரண்டும் ஒரே பிழையுடையன. கடை தளர்வதற்குக் காரணம் கலையே என்பதை இரு சாராரும் ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றனர்.

கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம்பிள்ளையின் பிற்கால வாழ்வு இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. 1912 டிசம்பரிற் சிறையிலிருந்து வெளிவந்தபோது அவரிடம் கப்பலும் இல்லை. வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. மனைவி மக்களோடு சென்னைக்குச் சென்று, பலசரக்குக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்துப் பார்த்தார். அவ்வணிகம் அவருக்குக் கைகொடுக்கவில்லை, வறுமை தொடர்ந்தது. அவ்வறுமைக் காலத்தில், 1917 ஆம் ஆண்டிலே, திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை அவர் அச்சேற்றினார். பரிமேலழகர் உரையொன்றே எங்கும் பயின்றிருந்த காலத்தில் அதனினும் பழைய உரையொன்று கற்றோர் கைக்கு எட்டியது. இன்று கல்லூரிகளிலே மணக்குடவரை ஒப்பிட்டுப் பாடஞ் சொல்லும் நாம், அப்பதிப்பின் பின்னால் ஒரு நலிந்த கடை நின்றதை நினைப்பதில்லை. அவர் கடை சரிந்தது உரைப்பதிப்பினால் அன்று. முதலின்மையாலும் சிறைவாசம் தந்த பின்விளைவுகளாலுமே சரிந்தது. பதிப்பைக் கைவிட்டிருந்தால் கடை தழைத்திருக்கும் என்று யார் துணிந்து கூறுவர்?

எனினும், மறுதலையான சான்றையும் கூறாமல் விடுதல் நடுவுநிலைமை ஆகாது. பிரெஞ்சு நாவலாசிரியர் பல்சாக் இளமையிலே பாரிஸ் நகரில் நூல் வெளியீட்டில் இறங்கினார். 1826 இல் அச்சகம் ஒன்றை வாங்கினார். அடுத்த ஆண்டில் எழுத்து வார்க்கும் தொழிலையும் அதனோடு சேர்த்துக்கொண்டார். ஒன்றின் நட்டத்தை மற்றொன்றின் விரிவினால் ஈடுசெய்யலாம் என்று நம்பியவர் போலும். 1828 இல் யாவும் முடிந்தன. இருபத்தொன்பது வயதில் ஏறத்தாழ 60,000 பிராங் கடனோடு அவர் வெளியேறினார். அக்கடனில் பெரும்பங்கு தாயிடம் பட்டது. கடனின் நிழல் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. பின்னர் 1837 முதல் 1843 வரை பகுதி பகுதியாக வெளிவந்த "இழந்த மாயைகள்" என்னும் நாவலில் தாவீது என்னும் அச்சக உரிமையாளன் ஒருவனை அவர் படைத்தார். மலிவான தாள் செய்யும் வழி காண்பதிலே தாவீதின் உள்ளம் முழுவதும் செல்கின்றது. கூலிக்கு வரும் அச்சுவேலை கைநழுவிப் போட்டி அச்சகத்தாரிடம் செல்கின்றது. ஈற்றில் அவன் கண்டுபிடித்ததும் அவர்களையே சேர்கின்றது. அச்சுமையின் மணம் அறிந்த ஒருவராலன்றி அக்கதையை எழுத இயலாது. ஆகவே பல்சாக்கின் கடை அவர் கலைக்குப் பொருள் தந்தது உண்மை. கனவையும் கடனையும் ஒரே பையிலிட்டுக் குலுக்கியது அவரை வாட்டியதும் உண்மை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். யாழ்ப்பாண நகரில் ஜோசப் சலூன் என்றொரு சிறிய முடிதிருத்தகம் இருந்தது. அங்கே தொழில் செய்தவர் டொமினிக் ஜீவா. அவருடைய "தண்ணீரும் கண்ணீரும்" என்னும் சிறுகதைத் தொகுதி 1960 இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஓகஸ்ட் மாதத்தில் அவர் "மல்லிகை" என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். தம் தொழிலைச் சாதியின் பெயரால் இழித்துரைத்த சமுதாயத்தின் நடுவே, அத்தொழிலை ஒளிக்காமல், சலூனிலேயே எழுத்தாளரை வரவேற்றார். இதழைத் தாமே கையிற் சுமந்து தெருத்தெருவாகச் சென்று விற்றார். போர்க்காலத்தில் இடம் பெயர்ந்து கொழும்பிலிருந்தும் நடத்தினார். 2012 வரை, ஏறத்தாழ 400 இதழ்கள் வெளிவந்தன. பெரும் பொருளுடைய நிறுவனங்கள் தொடங்கிய இதழ்கள் பல இடையிலே நின்றுபோக, சலூனிற் பிறந்த இதழ் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 2021 சனவரியில் அவர் மறைந்தார்.

இதன் காரணத்தை நான் எண்ணிப் பார்த்ததுண்டு. சலூனுக்கு வருபவர் நாற்காலியில் அமர்கின்றார். வேலை முடிந்ததும் காசைக் கொடுத்து எழுகின்றார். அங்கே அன்பளிப்பாகச் சிகை திருத்தும் வழக்கமில்லை. உழைப்புக்கு விலை கேட்பதில் நாணமில்லாத அந்த நேர்மையை ஜீவா இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். சஞ்சிகையை நீட்டினார்; விலையைக் கேட்டார். கடை அவருக்குக் கற்பித்த பாடம் அது.

மற்றொருவர் வரதர் என்னும் தி. ச. வரதராசன். 1946 முதல் 1948 வரை வெளிவந்த "மறுமலர்ச்சி" இதழின் ஆசிரியருள் ஒருவர். பின்னர் யாழ்ப்பாணத்தில் ஆனந்தா அச்சகத்தை நடத்தினார். 1955 இல் "தேன்மொழி" என்னும் கவிதை இதழைத் தொடங்கினார். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆனால் அச்சகம் நின்றது. ஆகையால் இன்னோர் இதழ் பிறந்தது. அது நின்றபோது மற்றொன்று பிறந்தது. "வரதரின் பலகுறிப்பு" என்று மக்கள் அன்றாடத் தேவைக்கு வாங்கும் நூலையும் அவர் அச்சிட்டார். இளங்கவிஞரின் நூலையும் அச்சிட்டார். ஓர் இதழை நிறுத்துவது தோல்வியன்று; மீண்டும் ஒன்றைத் தொடங்குவதற்குரிய இடத்தை இழப்பதே தோல்வி. வரதர் அவ்விடத்தை இழக்காமற் காத்தவர்.

இவ்விருவரைப் பற்றியும் விரிவாக நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது என்னிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவரால். வடமராட்சிச் சிற்றூர் ஒன்றில் அவர் சிறு அச்சகம் நடத்துகின்றார். காலால் மிதித்து ஓட்டும் பழைய பொறி ஒன்றும், பிறரிடம் வாங்கிய சிறிய ஓப்செற் பொறி ஒன்றுமே அவர் உடைமை. கலியாண அழைப்பிதழ், கோயில் மகோற்சவ விஞ்ஞாபனம், பற்றுச்சீட்டுப் புத்தகம், அந்தியேட்டி நாளில் வழங்கும் நினைவுமலர் ஆகியன அவர் வேலை. இவற்றின் இடையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் இலக்கியச் சஞ்சிகையும் வெளியிட்டு வந்தார்.

2022 ஆம் ஆண்டு நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றியபோது தாளும் வற்றியது. தாள் இன்மையால் மேல் மாகாணத்துப் பாடசாலைகளிற் பரீட்சைகள் மார்ச் மாதத்தில் ஒத்திவைக்கப்பட்டதை நாம் அறிவோம். நாளிதழ்களே அச்சை நிறுத்த நேர்ந்தது. அக்காலத்தில் இவர் தாள் வாங்குவதற்காக மனைவியாரின் இரண்டு காப்புகள் அடகுக்குச் சென்றன. அவ்வாறு வாங்கிய தாளில் ஒரு பங்கு சஞ்சிகைக்குப் போயிற்று.

அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் கணவனும் மனைவியுமாக என் இல்லத்துக்கு வந்தனர்.

"ஐயா, கடையை விற்றால் இரண்டு வருசம் சஞ்சிகையை நிம்மதியாக நடத்தலாம். விற்கட்டோ?" என்று அவர் கேட்டார்.

"தம்பி, அந்த இரண்டு வருசம் கழிந்தால் பிறகு எதை விற்பீர்?" என்றேன்.

அவர் தலை குனிந்திருந்தார். மனைவியார் கைப்பையிலிருந்து கடன்கொப்பியை எடுத்து என் முன்னே விரித்தார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பக்கம். அவற்றுள் ஒரு பக்கத்தின் தலைப்பிலே சஞ்சிகையின் பெயர் இருந்தது. தாள், மை, தகடு, மின்சாரம் எனத் திகதியிட்டு வரிவரியாக எழுதியிருந்தார்.

"இதுவும் ஒரு வாடிக்கையாளர்தானே, ஐயா. மற்றக் கடன்காரர் எங்களைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் போய்விடுவினம். இவர் மட்டும் ஒவ்வொரு நாளும் இரவில் வந்து குந்திக்கொண்டிருப்பார்" என்று அவர் சொன்னபோது மூவரும் சிரித்தோம். அச்சிரிப்பின் பின்னே ஒரு கேள்வி இருந்தது. இந்த வாடிக்கையாளரை வைத்திருப்பதா, விலக்குவதா என்பதே அது.

பக்கங்களைக் கூட்டிப் பார்த்தோம். கடன்காரருள் முதலிடம் சஞ்சிகைக்கு இல்லை. பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சிட்டு வாங்கிய ஒரு நிறுவனம் ஒன்றரை ஆண்டாகக் காசு தரவில்லை. அதுவே முதலிடத்தில் இருந்தது. ஒரு விழாக் குழு இரண்டாம் இடத்தில் இருந்தது. சஞ்சிகை மூன்றாவது. கடையைத் தின்றுகொண்டிருந்தது இலக்கியம் என்று ஊரும் உறவும் நம்ப, உண்மையில் தின்றது வேறு. இலக்கியம் கண்ணுக்குத் தெரிந்த செலவு. ஆதலின் பழி அதன்மேல் விழுந்தது.

எனினும் சஞ்சிகையும் குற்றமற்றதன்று. இறுதி இதழின் 300 பிரதிகள் எங்கே சென்றன என்று வினவினேன். காசு கொடுத்து வாங்கப்பட்டவை 110. கடைகளிற் கொடுத்துக் காசு திரும்பாதவை 70. வீட்டில் இருப்பவை 30. எஞ்சிய 90 பிரதிகள் அன்பளிப்பு! யாருக்கு அன்பளித்தார்? ஆசிரியர்களுக்கு, அதிபர்களுக்கு, விமர்சகர்களுக்கு, விழாத் தலைவர்களுக்கு. மாதந்தோறும் சம்பளம் பெறுவோருக்கு, மாத முடிவிலே மின்கட்டணத்தை எண்ணி வருந்தும் ஒருவர் இலவசமாக இலக்கியம் வழங்கியிருக்கின்றார்.

அன்று மாலை மூவருமாகச் சில முடிவுகள் செய்தோம். அவற்றுட் பெரும்பாலானவை மனைவியார் கூறியவை. ஆண்டுக்கு நான்கு இதழ் என்பது இரண்டு ஆகும். முன்னைய இதழின் தாட்கடன் தீராமல் அடுத்த இதழ் பொறியில் ஏறாது. எழுதியவர்க்கு மாத்திரமே இலவசப் பிரதி. எந்த அச்சுவேலைக்கும் பாதித்தொகை முற்பணம். சஞ்சிகைக்குரிய பக்கம் கொப்பியிலிருந்து அழிக்கப்படாது. சந்தா வருந்தோறும் அதிலே வரவு வைக்கப்படும். வரவு சிறிதாயினும் செலவு அதனின் மிகாதிருத்தலை வள்ளுவர் வலியறிதலிலே வைத்துக் கூறியது அரசர்க்கு மட்டுமன்று, அச்சகத்தார்க்கும் பொருந்தும்.

இன்னொரு செய்தியும் அன்று தெரியவந்தது. நினைவுமலர் அச்சிட அயலூரவரும் அவரையே தேடி வருகின்றனர். காரணம், அவர் அச்சிடும் மலரில் எழுத்துப்பிழை இராது. இறந்தவரின் மாதம், பக்கம், திதி ஆகியவற்றை அமைத்துத் திதிவெண்பாவையும் அவரே தளை தட்டாமற் பாடிக் கொடுக்கின்றார். இதனை அவர் சற்று நாணத்தோடு கூறினார். "அது கூலிக்குப் பாடுவது, ஐயா, கவிதையோ?" என்றார். "துயருற்ற ஒரு குடும்பம் ஆண்டுதோறும் எடுத்துப் படிக்கும் நாலடியைப் பிழையின்றிப் பாடுகின்றீர். வெண்பாவின் இலக்கணம் கூலிக்கு ஒன்று, புகழுக்கு ஒன்று என்று இரண்டில்லை, தம்பி" என்றேன். அவருடைய சஞ்சிகைப் பழக்கமே அவருடைய ஒப்புநோக்கைக் கூர்மையாக்கியது. அக்கூர்மையே வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது. கலை கடையிலிருந்து எடுத்ததை எழுதிவைக்கக் கொப்பியில் ஒரு பக்கம் இருந்தது. கலை கடைக்குக் கொடுத்ததை எழுதிவைக்கப் பக்கம் இருக்கவில்லை.

இதன் பின் அவர் செல்வரானார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவ்வாறு நிகழவில்லை. ஒரு காப்பு மீண்டு வந்தது. மற்றொன்று இன்னும் அடகில் இருக்கின்றது. அந்த நிறுவனம் தவணை முறையிற் சிறிது சிறிதாகத் தருகின்றது. மாதக் கடைசியில் அவர் முகம் இன்றும் வாடுகின்றது. ஆனால் கடை திறந்திருக்கின்றது. ஆண்டுக்கு இரண்டு இதழ் தவறாமல் வருகின்றன. கடையை விற்பது பற்றிய பேச்சு நின்றுவிட்டது.

இவையெல்லாவற்றாலும் நான் துணிவது இதுவே. தளரும் கடையும் வளரும் கலையும் ஒருவர் கையில் ஒருங்கே இருத்தல் இயலும். அதற்கு இரண்டின் பையும் வேறாக வேண்டும். கணக்கு இரண்டுக்கும் வேண்டும். கலைக்குக் கணக்கெழுதுதல் கலையை இழிவுசெய்வதாகாது. கணக்கில்லாத கலையே வீட்டாரின் கண்ணீரிலே நடைபெறுகின்றது. கணக்கெழுதினால், எதைக் குறைப்பது, எதைக் கேட்டு வாங்குவது என்பது தெரியும். கலையைக் கொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை என்பதும் தெரியும்.

ஆனால் இக்கடமை அவர்க்கு மட்டும் உரியதன்று. இப்பகுதியை வாசிக்கும் அன்பர்களிற் பெரும்பாலோர் ஆசிரியர்கள், மாணவர்கள், இலக்கிய வட்டத்தினர். நம் ஊரிலும் இத்தகைய கடைக்காரர் ஒருவர் இருப்பார். அவர் நூலோ இதழோ நீட்டும்போது விலையைக் கேளுங்கள், கேட்டுக் கொடுங்கள். கல்லூரி மலரை அவரிடம் அச்சிட்டால் கூலியை அந்த மாதத்திலேயே தீர்த்துவிடுங்கள். பாராட்டுரையிலும் பொன்னாடையிலும் அக்கடன் தீராது. அவரை மேடையில் அறிமுகஞ் செய்யும் பொறுப்பு உங்களுக்கு வருமாயின், "இவர் வியாபாரி" என்று சொல்லி நிறுத்தி, "இலக்கியஞ் செய்பவர்" என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள். இடையிலே "எனினும்" வேண்டியதில்லை. கூலவாணிகன் சாத்தன் என்று சொன்னவர்கள் அதனை இடவில்லை.